கடலோர அலுவலகத்துக்குப் பயிற்சி மாணவர் வரும்போது நாம் செய்யும் தவறுகள்

மே மாதம் பிறந்தால் போதும், ராமநாதபுரம் கடலோர அரசு அலுவலகங்களில் முதுகலை மாணவர்கள் பரிந்துரைக் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அப்போதுதான் விடுமுறை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடையும் அப்போதுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாணவி ஒருவருக்கு 'விசைப்படகு மீன்வரத்துக் கணக்கெடுப்பு' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினோம். மண்டபம் வடகடல் கரையில் படகுகள் நங்கூரமிட்டு வரிசையாகக் கிடந்தன. கூடை இறங்கவில்லை, ஐஸ் உடைக்கும் சத்தம்கூட இல்லை. தலைப்பு எழுதிய எங்களில் ஒருவரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

அதே நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள். பேசவும் ஆட்களுக்குப் பொழுது இருக்கும். பழுதுபார்க்க எவ்வளவு செலவு, யாரிடம் கடன், தடைக்கால நிவாரணம் எப்போது கைக்கு வந்தது என்று கேட்க எவ்வளவோ இருந்தது.

அடுத்தது தீவு ஆசை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஆய்வுக்குப் போக, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 'பவளப்பாறை பார்க்கலாம், வாருங்கள்' என்று வாய்வார்த்தையில் வரவழைத்துவிட்டு, பிறகு கோப்பு எழுதத் தொடங்குகிறோம். அது சென்னை போய்த் திரும்புவதற்குள் மாணவருக்கு அடுத்த பருவம் தொடங்கிவிடும்.

நான் பெரிய தவறாக நினைப்பது, மாணவரைத் துறை ஜீப்பில் ஊருக்குள் அனுப்புவதை. கடல் அட்டை என்ற கடல் உயிரியைப் பிடிக்க 2001 முதல் தடை. துறை வண்டி ஊருக்குள் வந்தால் சோதனை என்றுதான் ஊர் நினைக்கும். அந்த வண்டியிலிருந்து நோட்டும் பேனாவுமாக இறங்கி 'என்ன எடுக்கிறீர்கள்?' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? கடல்பாசி எடுக்கும் பெண்கள், விரலில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்த்தபடியே, "பாசிதான் தம்பி, வேற என்ன இருக்கு" என்று நடந்துவிடுவார்கள். முதல் வாரமாவது மாணவர் பஸ்ஸில் போகட்டும். ஊரில் நன்கு பழகிய ஒருவர் கூட இருக்கட்டும். தான் மாணவர், இது சோதனை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடட்டும். கடலுக்குப் போகும் நேரத்தையும் அந்தப் பெண்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். அலுவலகம் திறக்கும் பத்து மணிக்காக அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

உட்கார நாற்காலி, பெண்களுக்குக் கழிப்பறை, தங்க இடம் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்து வைக்கவேண்டும் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பொறுப்பு அலுவலர் இடையில் மாறுதலாகிப் போனால் அடுத்தவர் யார் என்றும் எழுதி வைக்கவேண்டும். இல்லையென்றால் மாணவர் தபால் பதிவேட்டின் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார். இரண்டு வாரம் யாருக்கும் தெரியாது.

அந்த மாணவி தலைப்பைத் தானே மாற்றிக்கொண்டு, படகுப் பழுதுச் செலவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் மாறுதலாகும்போது பீரோவைக் காலி செய்தேன். அறிக்கை இருந்தது. கட்டிய நூலைக்கூட யாரும் அவிழ்த்திருக்கவில்லை, நான் உட்பட.