புது டெய்லருக்குப் பயிற்சி: பாதி போனில், பாதி மெஷினில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினுக்கு (துணி ஓரம் பிரியாமல் பின்னித் தைக்கும் மெஷின்) நூல் கோக்கச் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் முதல் நாளே மெஷின் பக்கத்தில் நிறுத்தி விளக்க வேண்டாம். இரைச்சலில் பாதி காதில் விழாது.

கோக்கும் வரிசையை மட்டும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மேல் லூப்பர், கீழ் லூப்பர் (நூலை வளைத்துப் பின்னும் கொக்கிகள்), கடைசியில் ஊசி. ஊசியில் நூல் இருக்கும்போது கீழ் லூப்பரைக் கோத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வீடியோ உங்கள் மெஷினிலேயே, உங்கள் சீனியர் டெய்லர் கையாலேயே எடுத்ததாக இருக்கட்டும். யூடியூபில் கிடைப்பது வேறு மாடலாக இருந்து குழப்பும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் குரலை மட்டும் அவர்கள் மொழியில் மாற்றினால் போதும்.

மறுநாள் விளக்கவுரையே வேண்டாம், நேராக மெஷினில் உட்கார வையுங்கள். நூலின் இறுக்கம், துணியைத் தள்ளும் வேகம் எல்லாம் கை பழகினால்தான் வரும். மோட்டாரை அணைத்துவிட்டு ஊசி மாற்றும் பழக்கத்தையும் சூப்பர்வைசர் நேரில் நின்றுதான் சொல்லித்தர வேண்டும்.

அப்புறம், மறதி. கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நழுவுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். அதனால் மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: “நூல் அறுந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?”

வீடியோ பார்க்கும் நேரத்தையும் ஷிப்டிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை.