லூப் போட்ட மிடி டிரம்: கை வைக்குமுன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து இளைஞர்கள் வீட்டிலேயே கணினியில், மிடி டிரம் (ஒலியாகப் பதியாமல், எந்த அடி எப்போது விழ வேண்டும் என்ற குறிப்புகளாக எழுதும் தாளம்) வைத்துப் பாட்டுப் பதிவு செய்து, புராஜெக்ட் கோப்பைப் பார்த்துத் தரும்படி அனுப்புவதுண்டு. நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லா அடிக்கும் ஒரே வெலாசிட்டி (அடியின் வலு), முழு குவாண்டைஸ் (எல்லா அடியையும் தாளக் கட்டத்தில் அப்படியே பொருத்துவது) போன்றவற்றைக் காதே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு சுற்றைத் திருத்துவதாக எண்ணி எல்லாவற்றையும் திருத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நான்கு பார் (தாளத்தின் ஒரு ஆவர்த்தம்) நீளத் தாளம் ஒன்றை எழுதி, அதன் வலது ஓரத்தைப் பிடித்துப் பாட்டின் இறுதிவரை இழுத்து லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி, விட்டால், திரையில் பதினெட்டு சுற்றுகள் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு சுற்றுதான். முடிவெட்டும் கடையில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளில் தெரியும் முகங்களைப் போல, மற்றவை எல்லாம் அதன் பிம்பங்கள்.

குன்னூரில் ஆலயப் பாடகர் குழு இளைஞர் ஒருவர், கிறிஸ்துமஸ் கீதத்தின் கடைசிச் சரணம் அமைதியாக இருக்க வேண்டும் என்று விரும்பி, அங்கே கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிகளை மட்டும் அழித்தார். அந்த எட்டு பாரை மட்டும் சுழலவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டதால், அவர் காதுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. அவர் அறியாமலே பாட்டு முழுவதிலும் கிக் போய்விட்டிருந்தது. கோப்பைச் சேமித்து மூடியதில் அன்டூ செய்யும் வழியும் அடைபட்டது. மறுநாள் பாட வந்த பெண், பிடிமானமற்ற தாளத்தின் மேல் ஒவ்வொரு வரியையும் சற்று முந்தியே பாடிவிட்டுக் கோவைக்குக் கிளம்பிவிட்டார். "கிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன் அண்ணா, ஆனால் குரல் உட்காரவே மாட்டேன் என்கிறது" என்று அந்த இளைஞர் தொலைபேசியில் சொன்னபோது, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தாளத்தை எந்த நேரத்திலும் மீட்டுவிடலாம். பிழையான தாளத்தைக் கேட்டுப் பாடிய குரலை மீட்க முடியாது. எனவே, மாற்ற விரும்பும் பகுதியை முதலில் தனிப் பிரதியாக்குங்கள். பதிவு மென்பொருள்களில், க்யூபேஸில் பகிர்ந்த பிரதியை ரியல் காப்பியாக (தனிப் பிரதியாக) மாற்றும் கட்டளை உண்டு. ரீப்பரில் பூல் செய்த (பகிர்ந்த) மிடியை அன்பூல் செய்ய (பிரிக்க) வேண்டும். லாஜிக்கில் ஏலியஸை (பிம்பப் பிரதியை)த் தனிப் பிரதியாக்க வேண்டும். வெட்டிவிட்டாலே பிரிந்துவிடும் என்று நம்பாமல், வெட்டிய துண்டில் ஒரு ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) அடியை அழித்து, முதல் பாரில் அதே ஸ்நேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்டூ செய்யுங்கள். பாடகர் வருமுன் பாட்டைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை முழுதாகக் கேட்பதும் அவசியம்.

மழைக்காலத்தில் சேமிக்காமல் இருப்பது

ஐப்பசியில் கோத்தகிரியில் மின்சாரத்தை நம்பாதீர்கள்.

டிரம் கிட்டை மாற்றிவிட்டு எண்ணைப் பார்க்காதது

1991இல் வந்த ஜெனரல் மிடி வரையறையில் டிரம்முக்கு 10ஆவது சேனல். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எண்: கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் (ஜோடித் தட்டு) 42, திறந்தது 46. எல்லா டிரம் பிளகின்களும் (டிரம் ஒலி தரும் துணை மென்பொருள்கள்) இதைப் பின்பற்றுவதில்லை என்பதால், கிட்டை மாற்றினால் அதே எண்ணில் வேறு ஒலி வரலாம். 36ஆம் எண்ணைச் சில மென்பொருள்கள் சி1 என்றும் சில சி2 என்றும் காட்டுவதால், எழுத்தை விட்டுவிட்டு எண்ணையே பாருங்கள்.

லூப்பின் நீளத்தைக் கண்ணளவில் வைப்பது

கால் நோட்டுக்கு (ஒரு எண்ணிக்கைக்கு) 960 டிக் (மென்பொருள் காலத்தை அளக்கும் சிறு அலகு) என்றால், 4/4 தாளத்தில் நான்கு பார் லூப்பின் நீளம் 15,360 டிக். ஸ்னாப்பை (ஓரத்தைத் தானாகவே கோட்டில் ஒட்டவைக்கும் வசதி) அணைத்துவிட்டு இழுக்கும்போது அது 15,370 ஆகிவிட்டால் திரையில் தெரியாது. டெம்போ 120இல் பத்து டிக் என்பது ஏறத்தாழ 5 மில்லிவினாடி மட்டுமே என்பதால் காதுக்கும் எட்டாது. ஆனால் 24 சுற்று கழிந்தபின் அது 240 டிக்காகச் சேர்ந்து, டிரம் சரியாக ஒரு பதினாறாம் நோட்டு பின்தங்கி நிற்கும். அப்போது திட்டு வாங்குபவர் பெரும்பாலும் கிதார்காரர்தான். ஸ்னாப்பை மீண்டும் போட்டு லூப்பின் ஓரத்தைப் பார் கோட்டில் நிறுத்தியபின், கடைசிச் சுற்றின் முதல் கிக் அந்தக் கோட்டின் மேலேயே விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.