கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் மரம் எடுப்பது எப்படி

வீடு கட்டுகிறேன் என்று சொன்னால் போதும், நம் பக்கத்தில் அடுத்து வரும் கேள்வி "நிலவுக்குத் தேக்குதானுங்களே?" என்பதுதான். நிலவு என்றால் கதவு மாட்டுகிற நிலைச்சட்டம். தலைவாசலுக்குத் தேக்கு சரி, மறுப்பே இல்லை. ஆனால் உள்ரூம் கதவு, அலமாரி, கட்டில் எல்லாமே தேக்கு என்று கிளம்பி, பட்ஜெட் இடித்ததும் வெள்ளை (பட்டையை ஒட்டிய இளம்பகுதி) பாதி, வைரம் (உள்ளே முற்றிய பகுதி) பாதியாக இளந்தேக்கை வாங்கி மாட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் காசு போகிறது. அதே காசுக்கு முற்றிய வேங்கையும் வேம்பும் வாகையும் கிடைக்கும்.

மரத்தின் பெயருக்குப் போகும் முன் அது நிற்கப்போகிற இடத்தைப் பாருங்கள். வெயிலும் சாரலும் நேராக அடிக்கிற இடமா, மண்ணையோ ஈரச் சுவரையோ தொடுகிற இடமா, பாரம் தாங்க வேண்டியதா, இல்லை வீட்டுக்குள்ளேயே சும்மா நிற்கப்போவதா? முதல் இரண்டுக்கும் வைரம் மட்டும்தான், ஒரு விரல்கடை வெள்ளைகூட இருக்கக் கூடாது. எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும், வண்டும் செல்லும் (கறையான்) அங்கேதான் முதலில் வாய் வைக்கும்.

தேக்குக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால் அதிலிருக்கும் எண்ணெய்ப்பசை, அப்புறம் காய்ந்தபின் அதிகம் சுருங்காத, முறுக்காத குணம். கப்பல் கட்டவே ஆனைமலையில் அந்தக் காலத்தில் வெட்டித் தள்ளினார்கள். மேலிருந்து மரத்தைச் சரித்துவிட்ட இடம்தான் டாப்சிலிப். பின்னால் அங்கே தேக்கை மறுபடி வளர்த்த வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. கடையில் "பர்மா தேக்கு" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். மியான்மர் 2014லேயே உருட்டுமரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. நல்ல பழைய பர்மா தேக்கு வேண்டுமென்றால் செட்டிநாட்டுப் பக்கம் பிரித்த வீட்டு மரத்தைத் தேடலாம், ஆணி எடுக்கிற வேலை மட்டும் கூடுதல். இப்போது வருவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்கு. அது கெட்ட மரமில்லை, ஆனால் இளமரமாக இருந்தால் வெள்ளை அதிகம். மரத்தின் வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் வைரம் எங்கே முடிகிறது என்று பளிச்சென்று தெரியும்.

தேக்குக்கு அடுத்து நான் கைகாட்டுவது வேங்கையை. கனம், பலம், செல்லுக்கும் லேசில் மசியாது. நிலவுக்கும் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் ஏற்றது. அசல்தானா என்று பார்க்க எளிய வழி உண்டு. இழைத்த சீவலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் மஞ்சளும் பழுப்புமாக மாறும், அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் நீலமாக மினுக்கும். நீலம் தெரியாவிட்டால் "இது வேங்கைதானுங்களா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். இந்தச் சாயமே இதன் தொந்தரவும்கூட. நனைந்தால் வெள்ளையடித்த சுவரில் மஞ்சள் கறை இறங்கும். அதனால் நிலவு வைக்கும் முன்பே சுவரைத் தொடும் மூன்று பக்கமும் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

ஊர் மரங்களில் வேம்பை நம்பி எடுக்கலாம், பூச்சி தொல்லை குறைவு. ஆனால் பச்சையில் அறுத்து மாட்டினால் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அதன் பெயரைக் கெடுக்கிறது. வாகை கட்டிலுக்கும் மேசைக்கும் அருமையான மரம், ரேகை அழகு. காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் வாகைச் செக்கு என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று மட்டும் கவனம்: ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தையும் வாகை என்றே தள்ளிவிடுவார்கள். அது எடை குறைந்தது, அலமாரித் தட்டுக்குப் போதும், வாகை விலை கொடுக்கக் கூடாது. பூவரசு சாமான் செய்யத் தோதான மரம், நீளமாகக் கிடைக்காது என்பதுதான் குறை. தாராபுரம் பக்கக் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) நிற்கும் வெள்வேல் வீட்டுச் சாமானுக்கு வேண்டாம். கம்பத்துக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் அதை விட்டால் ஆளில்லை. ஆச்சா தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம், ஆசாரிக்கு உளி தீட்டியே பொழுது போகும், தூணுக்குச் சரி. புளி கறி வெட்டும் கட்டைக்கு. மா சென்ட்ரிங் பலகைக்கு. இப்போது தோட்டந்தோறும் நடுகிற மலைவேம்பு பிளைவுட்டுக்குப் போகிற மரம், அதில் நிலவு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனை மரங்களையும் சேர்த்துக் காட்டுகிற இடம் கோவையிலேயே இருக்கிறது, 1902ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம். மரம் வாங்கப் போகும் முன் ஒருநடை போய்ப் பார்த்தால் கண் பழகும்.

இனி முக்கியமானது, மரம் காய்ந்திருக்கிறதா என்பது. "அண்ணா, காஞ்சதுங்களா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் "நல்லா காஞ்சதுங்க" என்றுதான் பதில் வரும், அதனால் நீங்களே சோதியுங்கள். மீட்டர் வைத்திருக்கும் கடையில் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுக்கலாம். மீட்டர் இல்லையென்றால் அறுத்த துண்டு ஒன்றை வாங்கி வந்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் போட்டுவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். கிலோவுக்கு நூறு கிராம் குறைந்திருந்தால் அந்த மரம் இன்னும் பச்சைதான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, நேர் வெயில் படாமல், ரெண்டு முனையிலும் பெயிண்ட் தடவி வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று பாதி வேலையைச் செய்துவிடும், ஆனால் முனையை மூடாமல் அந்தக் காற்றில் போட்டால் வெடித்துவிடும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அடிக்காது என்பார்கள். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் காய வைப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

விலை கன அடியில். அறுத்த மரமென்றால் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஒரு நிலவுக்கு 5க்கு 4 அங்குலச் சட்டத்தில், ஏழடிக் கால் ரெண்டும் நாலடிக் குறுக்கு ரெண்டும் போட்டால் மொத்தம் 22 அடி, மூன்று கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். உருட்டுமரத்துக்குச் சுற்றளவில் கால்பங்கை எடுத்து அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்த உருளையில் 12.7 கன அடி இருக்கும், அந்த வித்தியாசம் அறுப்புச் சேதாரத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் உருட்டு விலையையும் அறுத்த விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள், அறுப்புக்கூலி, வெள்ளை, பட்டை எல்லாம் கழித்துப் பாருங்கள்.

சொந்தத் தோட்டத்து மரம் என்றாலும் தேக்கு, ஈட்டி, சந்தனம் மூன்றையும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டவோ வண்டியில் ஏற்றவோ வேண்டாம். பனைக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். கடையில் வாங்கினாலும் பில் கட்டாயம்.

கடைசியாக, நிலவைச் சுவர் எழும்பும்போதே வைத்துவிடலாம், கதவை மட்டும் பூச்சு வேலை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மாட்டினால் ஐப்பசி மழைக்கு உப்பும் என்பதை ஆசாரியிடம் சொல்லி அதற்கேற்ற சந்து விடச் சொல்ல வேண்டும். கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பாலிஷ் போட்டாரா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மீதிக் கூலியைக் கொடுங்கள்.