ஹோம்வொர்க் அதிகமா? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்

இரவு ஒன்பது மணிக்கும் பிள்ளை நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதா? பள்ளியில் போய்க் கேட்பதற்கு முன், ஒரு வாரத்துக்கு ஹோம்வொர்க் டைரியிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் பென்சிலால் எழுதுங்கள். ரப்பர் தேடியது, தண்ணீர் குடிக்க எழுந்தது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அப்படிக் குறித்தபோதுதான், நேரத்தைத் தின்பது கணக்கு இல்லை என்று தெரிந்தது. வகுப்பில் ஏற்கெனவே எழுதிய கேள்வி பதிலை வீட்டில் மூன்று தடவை எழுதுவதற்குத்தான் ஒரு மணி நேரம் போனது. முதல் தடவை சரியாக எழுதிய வார்த்தையை மூன்றாம் தடவை தப்பாக எழுதியிருந்தாள். கை மட்டும்தான் எழுதுகிறது, மனம் அதில் இல்லை.

மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப்பாடத்துக்கும் அதில் அளவு சொல்லியிருக்கிறது. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். கவனியுங்கள், வாரத்துக்கு! 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேலான வகுப்புகளுக்கு நாளுக்கு 2 மணி நேரம். சென்னை உயர் நீதிமன்றமும் 2018-லேயே 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் இறங்க வேண்டாம். அங்கே பேசினால் டீச்சருக்கு அது புகார்தான். ஹோம்வொர்க் ஏன் தரவில்லை என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், அவர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். தனியாகப் பார்த்து டைரியைக் காட்டுங்கள். “மிஸ், இதை ஒரு தடவை எழுதட்டும், மீதியை வாயால் சொல்லச் சொல்லி நான் கேட்டுக்கொள்கிறேன், சரியா?” என்று கேளுங்கள். பொதுவாக “ரொம்ப அதிகம்” என்று சொன்னால் யாராலும் எதையும் மாற்ற முடியாது. ஒரே நாளில் நாலு பாடத்துக்கும் வேலை வந்தால் அது கிளாஸ் டீச்சர் கையில் இல்லை. எந்தப் பாடத்துக்கு எந்த நாள் என்று பிரித்துத் தரும்படி கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள்.

அதுவரை வீட்டில் ஒரு நேரம் வைத்து, மணி ஆனதும் நோட்டை மூடச் சொல்லுங்கள். “இவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், இதுவரை முடித்தாள்” என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இந்த வயதில் 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். பாவம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு எது வரவில்லை என்று டீச்சருக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்புறம் ஒன்று. அதே வகுப்பில் மற்ற பிள்ளைகள் அரை மணியில் முடிப்பதை உங்கள் பிள்ளை இரண்டு மணி நேரம் எழுதினால், வேலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கண் நன்றாக இருந்தால், வாசிப்பதில் தடுமாற்றம் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள்.