உப்புக்காற்று அடிக்கும் கட்டடத்தில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது எப்படி

படகுத்துறை டிக்கெட் கவுன்டர், மீன் ஏலக்கூடம், கடலைப் பார்த்த நூலகம், முகத்துவாரத்தில் நிற்கும் அருங்காட்சியகம் என்று தண்ணீரை ஒட்டிய பொதுக் கட்டடங்களில்தான் என் வேலையில் பாதி. மீட்டரை மாட்டி ஒயர் கொடுப்பது அரை நாள் வேலை. மூன்று வருஷம் கழித்தும் அது சரியான கணக்குச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு உப்போடு மல்லுக்கட்ட வேண்டும்.

மின்சாரம் கொடுப்பவர்களின் மீட்டர், அதன் சீல் பக்கம் கையே போகக்கூடாது. எந்த லைன் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்க்க நாம் மாட்டுவது அதற்குப் பின்னால், நம் பேனலில். எல்லா லைனுக்கும் ஒன்று என்று ஆசைப்படாதீர்கள். மெயினுக்கு ஒன்று, பிறகு ஏசி, பம்பு, குளிர்பதன அறை, லிஃப்ட், படகுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெட்டி லைன். இந்த ஐந்தாறிலேயே பெரும்பாலும் கதை தெரிந்துவிடும்.

முதலில் இடம் பார்க்கணும். என் முதல் கடலோர வேலையில், ரீடிங் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தண்ணீரைப் பார்த்த சுவரில் பெட்டியை மாட்டினேன். கேபிளை மேல்பக்கமாக உள்ளே விட்டேன். ஐ.பி.66 பெட்டி, இன்னும் என்ன வேண்டும் என்ற தைரியம். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் டெர்மினல் எல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை. மழை உள்ளே போகவே இல்லை. பகலில் வெயிலில் பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் வெளியே இருக்கும் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் உள்ளே வியர்த்து, உப்போடு சேர்ந்து செம்பைத் தின்றுவிட்டது. ஐ.பி. எண் தூசிக்கும் தண்ணீருக்கும்தான். அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. பெட்டி கட்டடத்துக்குள்ளே, கடலுக்கு முதுகு காட்டும் சுவரில். வெளியே வைத்தே ஆகணும் என்றால் பாலிகார்பனேட் அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கடற்கரையில் செம்புள்ளி போடும். கேபிள் கீழ்ப்பக்கமாக மட்டும், அதுவும் உள்ளே நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு, சொட்டு அங்கேயே விழும்படி. அடியில் ஒரு பிரீதர் பிளக், அதாவது தண்ணீரை விடாமல் காற்றை மட்டும் விடும் அடைப்பான். முடிந்தால் உள்ளே சின்ன ஹீட்டர். உயரத்துக்கு வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். வாட்ச்மேனைக் கேளுங்கள், "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று. சுவரில் அவர் கைவைத்துக் காட்டும் கறைக்கு நன்றாக மேலே ஆணி அடியுங்கள்.

சிலிக்கான் பூசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பேனலுக்குள் கொண்டுவராதீர்கள். அது காயும்போது விடும் அமிலமே செம்பை அரித்துவிடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் முனையில் மாட்டும் லக் எல்லாம் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். அலுமினியக் கேபிள் பஸ்பாரில், அதாவது பேனலின் செம்புப் பட்டையில், சேரும் இடத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் இல்லாவிட்டால், உப்பு ஈரத்தில் அது பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும்.

அடுத்தது சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), கேபிளில் ஓடும் பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்ற சின்ன அளவாக்கித் தரும் வளையம். 400 ஆம்பியரை 5 ஆக்கும் 400/5 சிடி போட்ட மெயினில் ராத்திரி லோடு 6 ஆம்பியர்தான் என்று வையுங்கள். அது சிடியின் அளவில் 1.5 சதவீதம். சாதாரண கிளாஸ் 1 சிடிக்கு 5 சதவீதத்துக்குக் கீழே துல்லியத்துக்கு உத்தரவாதமே இல்லை. நாம் பிடிக்க நினைப்பதே ராத்திரி வீணாகும் கரண்டைத்தான், அதனால் 0.5எஸ் கிளாஸ் வாங்குங்கள், அது 1 சதவீதம் வரைக்கும் கணக்கு தப்பாது. ஓடுகிற லைனை நிறுத்த முடியாத தீயணைப்பு பம்பு போன்ற இடங்களில் கேபிளைக் கழற்றாமல் மாட்டும் ஸ்ப்ளிட் கோர் சிடி கைகொடுக்கும். ஆனால் அதன் இரண்டு பாதியும் சேரும் முகத்தில் ஒரு துளி துரு இருந்தாலும் ரீடிங் குறையும். துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். காப்பு இல்லாத பஸ்பாரில், கரண்ட் இருக்கும்போது எந்தச் சிடியும் வேண்டாம். லைனை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் கை வைக்கணும்.

லோடு ஓடும்போது சிடியிலிருந்து மீட்டருக்குப் போகும் செகண்டரி ஒயரைத் திறந்துவிடாதீர்கள். திறந்த முனையில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். அதற்காகவே மீட்டருக்கு முன்னால் ஷார்ட் செய்யும் வசதியுள்ள டெஸ்ட் டெர்மினல் பிளாக் போடுகிறோம். முதலில் ஷார்ட் லிங்கைப் போடணும், பிறகுதான் மீட்டர் ஒயரைக் கழற்றணும். வோல்டேஜ் ஒயர் ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ்.

ஆன் செய்ததும் திரையில் எண் வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள், அந்த எண் பொய் சொல்லலாம். மூன்று பேஸிலும் ஆளுக்கு 4 கிலோவாட், மொத்தம் 12 வரணும். நீல பேஸின் சிடியைத் திருப்பி மாட்டியிருந்தால் 4 கூட்டல் 4 கழித்தல் 4, திரையில் 4தான் தெரியும். மஞ்சள், நீல பேஸ் சிடிகளை இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் இன்னும் விநோதம், மொத்தம் பூஜ்யம்! சிடி ரேஷியோவை மீட்டரில் தப்பாகப் போட்டிருந்தால் எண் பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் இரண்டு மடங்கோ பாதியோ. ஆகவே கேபிளைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு பேஸையும் தனித்தனியாக ஒப்பிட்டு, எண்களை எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பேன். அடுத்து வருபவன் என்னைத் திட்டாமல் இருக்கணுமே.

தகவல் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீட்டர்களின் ரீடிங்கைக் கொண்டுபோகும் ஆர்.எஸ்.485 ஒயர் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போகணும், நட்சத்திரமாகப் பிரியக்கூடாது. இரண்டு கோடியிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். ஒயரைச் சுற்றிய ஷீல்டை ஒரே முனையில் எர்த் செய்யுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி முகவரி. சிம் போட்ட மோடம் என்றால் ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே. கடிகாரம் தானாகத் திருத்திக்கொள்ள வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் 15 நிமிஷக் கணக்கெல்லாம் குழம்பிப்போகும்.

ஒரு மாசம் ஓடிய பிறகு மீட்டர் கணக்கின் வரைபடத்தைப் பாருங்கள். முகத்துவாரத்தில் ஒரு கட்டடத்தில், அடித்தளத்துக் கசிவு நீரை இறைக்கும் பம்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை மலை மாதிரி ஏறி இறங்கியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம். மறுநாள் அதே மலை சுமார் 50 நிமிஷம் தள்ளி வந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் 50 நிமிஷம். ஆபீஸ் நேரத்துக்கு ஓடுகிற எதுவும் இப்படி நகராது. இது ஓதம், கடல்மட்டம் ஏறி இறங்கும் கணக்கு. வடிகால் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கெட்டுப்போய், ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடலைத் திரும்பக் கடலுக்கே இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எத்தனை மாசமாகவோ. வால்வை மாற்றினோம், மலை படுத்துவிட்டது.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை, லைனை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ இறுக்கம், கேபிள் நுழையும் இடத்துக் கிளாண்ட் ரப்பர், அடியில் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினல் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தால், துடைத்துவிட்டு மூடாமல், காற்று எந்த வழியாக வருகிறது என்று அன்றே தேடுங்கள்.