பக்கத்துத் தெருவின் பாட்டு: பல சமய நூல்களை வாசிக்கத் தொடங்குவோருக்கு

மன அமைதிக்கு எந்த நூலைப் படிக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதையாவது இழந்த பிறகே கேட்கிறார்கள். வீட்டில் நேர்ந்த ஒரு சாவு, ஓய்வு பெற்ற பிறகு வரும் வெறுமை, உறக்கம் பிடிக்காத இரவுகள் என்று காரணம் எதுவாக இருந்தாலும், அடுத்து நடப்பது அநேகமாக ஒன்றுதான். மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கீதை, பைபிள், குர்ஆன் தமிழாக்கம், தம்மபதம் என்று ஒரு கட்டு வாங்கி வருவார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இருபது பக்கம் நகரும். பிறகு அந்தக் கட்டு பீரோவின் மேல் ஏறிவிடும். தண்டையார்பேட்டை வீட்டில் அப்படியொரு கட்டை இரண்டு ஆண்டுகள் தூசு படிய விட்டவன் நான். நூல்களில் குறையில்லை, எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நானாகக் கண்டுகொண்ட வரிசை எளியது. பாட்டை முதலிலும், வேத நூலை அடுத்தும், தத்துவ விளக்கத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தத்துவ நூல்களில் பல மாற்றுக் கருத்துடையவருக்குப் பதில் சொல்லவே எழுதப்பட்டவை. அந்த வழக்கு என்னவென்றே அறியாத ஒருவர் நடுவில் போய் உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். பாட்டோ ஒருவர் தம் மனம் கலங்கியபோது தமக்காகவும் தம் இறைவனுக்காகவும் பாடியது. அதைக் கேட்க நமக்குக் கலங்கிய மனம் ஒன்று இருந்தால் போதும். வடசென்னையில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இங்கே வாழ்ந்தும் நடந்தும் பாடிய பலரின் பாடல்கள், மொழிபெயர்ப்பின் துணையின்றி, தமிழிலேயே நமக்குக் கிடைக்கின்றன.

ராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபுவிடமிருந்து தொடங்கலாம். 1792-இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிர் என்ற பெயருடன் பிறந்த இவர், துறவு பூண்டு சென்னைக்கு வந்து 1838-இல் மறைந்தார். தொண்டியிலிருந்து வந்த தொண்டியார் இருந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். முகியித்தீன் என்னும் இசுலாமிய ஞானியைப் போற்றி முகியித்தீன் சதகம் பாடிய அதே வாய்தான் இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக்கி மனோன்மணிக் கண்ணியையும் பாடியது. சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப் பெருமாளையர் இவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பதைப் பார்த்தால், இவரை யார் யாரெல்லாம் குருவாகக் கொண்டாடினார்கள் என்பது விளங்கும்.

மஸ்தான் பாடல்களை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கண்ணி என்பது இரண்டே அடி. நாளுக்கு மூன்று கண்ணி தாராளம். இவருடைய பராபரக் கண்ணியைத் தாயுமானவரின் பராபரக் கண்ணியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அதில் ஒன்று, இதில் ஒன்று என்று மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ‘பராபரமே’ என்ற ஒரே விளியில் வந்து முடியும். எது சைவரின் குரல், எது இசுலாமியரின் குரல் என்று நான்காம் நாளே காது குழம்பத் தொடங்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை. அரபுச் சொற்களும் சித்தர் பரிபாஷை என்னும் மறைபொருள் மொழியும் அடுத்தடுத்து வருவதால், அருஞ்சொற்பொருள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.

அங்கிருந்து தெற்கே வந்தால் ஏழுகிணறு. 1823-இல் பிறந்த வள்ளலார் குழந்தையாகச் சென்னைக்கு வந்து, 1858 வரை இந்நகரிலேயே வாழ்ந்தார். வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அவர் இருந்த வீடு இன்றும் இருக்கிறது. திருவருட்பா ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்கள் கொண்ட கடல். அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது பீரோவின் மேல் ஏற்றுவதற்கான நேர்வழி. கந்தகோட்டத்து முருகன்மீது பாடிய தெய்வமணிமாலையின் முப்பத்தொரு பாடல்களையும், திருவொற்றியூர் அம்மன்மீது பாடிய வடிவுடை மாணிக்க மாலையையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தமர்தம் உறவு வேண்டும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும் என்று தெய்வமணிமாலையில் அடுக்கிக்கொண்டே போகும் பாடலை நம்மில் பலர் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். தேர்வுக்காகப் படித்த பாட்டை ஐம்பது வயதில் மறுபடி படிக்கும்போது, அந்த வேண்டுதல் பட்டியலில் நமக்குக் கிடைத்தவை எவை, கிடைக்காதவை எவை என்று மனம் தானாகவே எண்ணத் தொடங்கும். சமரசக் கருத்து முற்றித் தெரியும், திருவருட்பாவின் ஆறாம் திருமுறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டினத்தாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திருவொற்றியூர்க் கடற்கரையோரம் அவர் சமாதி இருப்பதால் பலரும் அவரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். சைவத் திருமுறைகளில் பதினோராவதில் உள்ள பட்டினத்தார் வேறு, நிலையாமை பாடிய பிற்காலத்தவர் வேறு என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்வார்கள். பிற்காலப் பாடல்களில் பெண்ணுடலைப் பழிக்கும் பகுதிகள் நிறைய. துக்கத்தில் இருப்பவருக்கு அவை கசப்பையே கூட்டும் என்பது என் எண்ணம். அவர் தாயின் ஈமக்கடனில் பாடியதாக வழங்கும் பாடல்களை மட்டும் படியுங்கள். ஐயிரண்டு திங்கள் சுமந்து பெற்றவளின் வாய்க்கா அரிசி இடுவேன் என்று துறவி தடுமாறும் இடத்தைப் பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்தவர் எவரும் எளிதில் கடந்துபோக முடியாது.

இனி இந்த வாசிப்பில் நான் அதிகம் நின்ற இடத்துக்கு வருகிறேன். அமைதி தரும் நூல் என்றதும் இனிமையாகப் பேசும் நூலையே தேடுகிறோம். உண்மையில் எனக்கு ஆறுதல் தந்தவை இறைவனோடு சண்டை போட்ட பாடல்கள். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அதற்கு முன்பே இறைவனிடம், சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொண்டதையும், இறைவன் அதைச் சங்கிலியார் கனவில் போட்டு உடைத்துவிட்டதையும் பெரியபுராணம் நகைச்சுவையோடு சொல்கிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிரண்டும் போயின. தட்டுத் தடுமாறிக் காஞ்சிக்குப் போய் ஒரு கண் பெற்று, ஆரூர் சேர்ந்து மறு கண்ணுக்காகப் பாடிய ‘மீளா அடிமை’ப் பதிகத்தில் அவர் கெஞ்சவில்லை. மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகம் வாடும் அடியவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் வாளா இருப்பவர் நீர், நீரே ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் மனம் நொந்து ‘நல்லா இருங்க’ என்று சொல்வார்களே, அந்தத் தொனி அது.

இந்தப் பதிகத்தைப் படித்த கையோடு பைபிளில் பதின்மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆறே வசனங்கள், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அடுத்து எண்பத்தெட்டாம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடக் கடைசியில் வருவதில்லை. நூற்றைம்பது சங்கீதங்களில் முறையீடுகள் இத்தனை இருப்பதை, இருபத்துமூன்றாவதை மட்டும் நாள்காட்டியில் பார்த்துப் பழகியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஒற்றியூரில் கண்ணிழந்தவரின் பதிகத்தையும் எபிரேயர் ஒருவரின் புலம்பலையும் ஒரே மாலையில் படித்த அன்று, நம்பிக்கை உள்ளவர்கள் கோபப்படக் கூடாது என்று சிறுவயதில் யாரோ சொல்லி வைத்தது என்னிடமிருந்து கழன்றுபோனது.

பைபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம், தேவன், பரிசுத்த ஆவி என்று இருக்கும். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் திருப்பாடல், கடவுள், தூய ஆவி என்று இருக்கும். முன்னதில் 66 நூல்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பதிப்பில் 73. பொருள் விளங்க வேண்டுமென்றால் திருவிவிலியமும், வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்றால் பழைய மொழிபெயர்ப்பும் ஏற்றவை என்பது என் அனுபவம். பழையதின் வடமொழி கலந்த நடைக்கு ஒரு கனம் இருக்கிறது.

குர்ஆனை நான் நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, 286 வசனங்கள் கொண்ட இரண்டாம் அத்தியாயத்தில் வழி தவறினேன். அந்த நூலின் 114 அத்தியாயங்களும் அருளப்பட்ட கால வரிசையில் இல்லை. முதல் சிறு அத்தியாயத்துக்குப் பிறகு பெரும்பாலும் நீண்டவை முன்னும் குறுகியவை பின்னுமாக அமைந்துள்ளன. மண்ணடியில் பைண்டிங் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான், என் தையல் விட்ட பிரதியைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, ‘பின்னாடியிலேர்ந்து வாங்க சார்’ என்று சொல்லி அட்டை போட்டுக் கொடுத்தார். கடைசிப் பாகமான முப்பதாம் பாகத்தின் சிறு அத்தியாயங்களில் தொடங்குங்கள். நபிகளுக்கு இறைச்செய்தி சில காலம் வராமல் நின்றிருந்து, இறைவன் தம்மைக் கைவிட்டானோ என்ற கவலை சூழ்ந்த வேளையில் வந்ததாகக் கூறப்படும் தொண்ணூற்று மூன்றாம் அத்தியாயம் பதினொரே வசனம். சுந்தரரும் பதின்மூன்றாம் சங்கீதமும் கேட்ட கேள்விக்கு அருகில் வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான பகுதியை நான் அறியேன்.

அடுத்து யூசுஃப் என்னும் பன்னிரண்டாம் அத்தியாயம். முழுவதும் ஒரே கதை. பைபிளின் ஆதியாகமத்தில் முப்பத்தேழாம் அதிகாரத்திலிருந்து வரும் யோசேப்பின் கதையோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே தந்தை, ஒரே இரத்தக்கறைச் சட்டை, ஆனால் துயரத்தின் சாயல் வேறு என்பது தெரியும். ஆதியாகமத்து யாக்கோபு சட்டையைக் கண்டு, ஆறுதலை ஏற்காமல் அழுகிறார். குர்ஆனின் யஃகூப் பிள்ளைகள் சொல்வதை நம்பாமல் அழகிய பொறுமையைக் கைக்கொள்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்பது இந்த வாசிப்புக்கு வெளியே உள்ள வேலை. தமிழாக்கங்களில் அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு முன்னோடியானது. மண்ணடிக் கடைகளில் பிறவும் கிடைக்கும். அரபு மூலமும் சேர்ந்த பிரதியைத் தரையில் வைக்காதீர்கள், வேறு புத்தகங்களுக்கு அடியிலும் வைக்காதீர்கள். அந்த வீட்டார் எப்படி வைத்துக்கொள்கிறார்களோ அப்படி வைத்துக்கொள்வதே முறை.

தம்மபதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 423 பாடல்கள், 26 வர்க்கங்கள் (அத்தியாயங்கள்), எங்கே திறந்தாலும் படிக்கலாம். பகையைப் பகையால் தணிக்க முடியாது என்னும் ஐந்தாம் பாடல் வரை முதல் நாளில் போனால் போதும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் இருக்கும் வீடுகளில், அம்பேத்கர் எழுதி, பெரியார்தாசன் தமிழாக்கிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைக் காணலாம். அது வேறு வகை அமைதி. தனிமனிதனின் மனக்குளிர்ச்சியைவிட, அவமதிப்பு இல்லாத வாழ்வே அங்கே முதல் கேள்வி. இரண்டையும் படிப்பவர்தான் பௌத்தம் என்ற சொல்லை அகலமாகப் புரிந்துகொள்வார். சமணத்துக்குச் சௌகார்பேட்டைக் கோயில்களில் தமிழ் நூல் தேட வேண்டாம், அங்கே புழங்கும் மொழிகள் வேறு. சமண முனிவர்கள் பாடிய நாலடியாரின் நானூறு வெண்பாக்கள் நம் கையிலேயே இருக்கின்றன.

எப்படிப் படிப்பது என்பதற்கு வருவோம். நாள்தோறும் ஒரே நேரம், பதினைந்து நிமிடம், வாய்விட்டு. நான் திருவொற்றியூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்குப் போகும் காலை ரயிலில் படிப்பவன். அங்கே வாய்விட்டுப் படிக்க முடியாது, உதட்டை அசைத்துக்கொள்வேன். கொருக்குப்பேட்டை அருகே சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டால் அன்று இரண்டு கண்ணி கூடுதல். பிடித்த வரியை அச்சுப் புத்தகத்தில் கோடிடாமல், ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள், தேதியும் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மனம் எந்த நாளில் எதைத் தேடியது என்பது தெரியும். ஒரு நேரத்தில் உங்கள் வீட்டுச் சமயத்து நூல் ஒன்று, அயல் சமயத்து நூல் ஒன்று என்று இரண்டுக்கு மேல் கையில் வேண்டாம்.

மனத்தைப் புண்படுத்தும் வரிகள் எல்லா நூல்களிலும் வரும். அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள், தெரிந்தவரோடு வாதத்துக்கும் போகாதீர்கள். அந்த வரியை நோட்டில் குறித்து, ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். கேள்விகள் ஐந்தாறு சேர்ந்த பிறகு அந்தச் சமயத்தைக் கடைப்பிடிக்கும் ஒருவரிடம், அவருக்கு நேரம் இருக்கும்போது கேளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து படியிறங்கும் போதகரையும், வெள்ளிக்கிழமை நண்பகலில் இமாமையும் நிறுத்திக் கேட்பது சரியல்ல. வாரநாள் மாலை, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு என்றால் பலரும் பொறுமையாகப் பேசுவார்கள். திருவொற்றியூர்க் கோயிலில் ஓதுவார் பாடும் நேரத்தில் போய் உட்கார்ந்தால், அச்சில் பார்த்துப் பொருள் பிடிபடாத பதிகம் பண்ணோடு கேட்கும்போது பாதி விளங்கிவிடும்.

நூல்களுக்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. திருமுறைகளையும் நாலடியாரையும், தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகப் படிக்கலாம். மலிவுப் பதிப்பு வாங்குவதானால் கடையிலேயே பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். ஒரு பதிப்பகத்தின் பட்டினத்தார் பாடல் தொகுப்பை அவசரத்தில் வாங்கி வந்து பார்த்தால், பாதிக்கு மேல் ஒரு பாட்டுக்கு அடுத்த பாட்டின் உரை அச்சாகியிருந்தது. அதை உணராமலே ஒரு வாரம் ஆழ்ந்த பொருள் கண்டுகொண்டிருந்தேன். எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய், வாங்க நினைக்கும் நூலின் இரண்டு மூன்று பதிப்புகளை ஒரே மேசையில் விரித்து, ஒரே பாடலின் உரையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போவதே இப்போது என் வழக்கம்.