எஸ்எஸ்டிக்கு மாறும் முன்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் இரவு பத்து மணிக்குச் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, எஸ்எஸ்டி வாங்கியாச்சு. குளோன் போட்டிருக்கேன். ஒன்றரை மணி நேரமா 34 சதவீதத்துலயே நிக்குது. அப்படியே விட்டுட்டுத் தூங்கட்டுமா?"

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் தட்டு இல்லாத சேமிப்பகம். குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே புதியதுக்கு நகலெடுப்பது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, சரி, காலைக்குள் முடிந்துவிடும் என்று தூங்கப் போனவன் நான். என்னுடையது 61 சதவீதத்தில் நின்றிருந்தது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருடைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். ஸ்க்ரூவைத் தொலைப்பது, கேபிளைப் பாதி மட்டும் செருகுவது, இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு முறை செய்தால் தானாகத் திருந்திவிடும். திருந்த இடமே கொடுக்காத தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

"ஸ்லோவா இருக்கு" என்ற ஒரே காரணத்தில் வாங்குவது

எது ஸ்லோ என்று பார்த்தீர்களா? கம்ப்யூட்டரை ஆன் செய்து, வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, ஆனால் நொடிக்கு ஒரு எம்பிகூட நகராமல் இருந்தால், அது ஹார்ட் டிஸ்க்கின் பிறவிக் குணம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய இடம் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. அதற்கு முன் ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒன்பது பத்து மில்லிசெகண்ட். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு 70, 80 முறைதான் அதனால் எடுத்துக் கொடுக்க முடியும். விண்டோஸ் துவங்கும்போது கேட்பதெல்லாம் இப்படிச் சிதறிய துண்டுகளைத்தான். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. இதே வேலை பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். இந்த வகை ஸ்லோவுக்கு எஸ்எஸ்டி நல்ல மருந்து, யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மெமரி 95 சதவீதம் நிரம்பியிருந்தால்? 4 ஜிபி ரேமில் பிரவுசரில் இருபது டேப் திறந்தால், இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கும் டிஸ்க்கில் இருப்பதை ரேமுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அப்போதும் டிஸ்க் 100 சதவீதம் என்றுதான் காட்டும். எஸ்எஸ்டி போட்டால் வலி குறையும், நோய் போகாது. முதலில் ரேம்.

சிபியூ முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் எஸ்எஸ்டியால் ஒன்றும் ஆகாது. இன்டர்நெட் மெதுவாக இருப்பதற்காக எஸ்எஸ்டி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். உறவுக்காரர், பெயர் வேண்டாம்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கை "பழைய டிஸ்க்" என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலைக் கிளப்புவது இதுதான். ஹார்ட் டிஸ்க் வயதானால் மெதுவாகிவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் தட்டு அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. போன வருடம் வரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர், புதிதாக எதுவும் ஏற்றாமலே இந்த இரண்டு மாதத்தில் படுத்துவிட்டது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கின் உயிரைத்தான். ஒரு செக்டரை, அதாவது தட்டில் தகவல் எழுதப்படும் ஒரு சிறு துண்டை, படிக்க முடியவில்லை என்றால் வீட்டு உபயோக டிஸ்க் உடனே கையை விரிக்காது. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் பல நொடிகள். அதுவரை விண்டோஸ் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். மவுஸ் நகரும், கிளிக் வேலை செய்யாது. திடீரென்று எல்லாம் ஒன்றாகத் திறக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "ரொம்ப ஸ்லோ".

எனக்கு நடந்ததும் இதுவே. கம்ப்யூட்டர் திறக்கப் பத்து நிமிடம் எடுத்தது. எஸ்எஸ்டி வாங்கினேன், குளோன் மென்பொருளை ஓட்டினேன். 61 சதவீதத்தில் நின்றது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் 61. மூன்றாவது முறை ஓட விட்டுத் தூங்கப் போனேன். காலையில் அறைக்குள் நுழையும்போதே கேட்டது: டிக், டிக், டிக், சின்ன இடைவெளி, மறுபடி டிக். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் டிஸ்க்கின் பெயரே இல்லை. நாலு வருடப் படங்கள் போயின. அப்பத்தா பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. வேறெங்கும் பிரதி இல்லை.

குளோன் என்ன செய்கிறது என்று அன்றைக்கு யோசித்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன். டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் இடம் முழுவதையும் அது வரிசையாகப் படிக்கிறது. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் புதிதாக நிறுவிக்கொள்ளக்கூடிய விண்டோஸையும் என்றைக்கோ போட்ட கேம்களையும் மூச்சுத் திணறும் டிஸ்க்கிலிருந்து பாடுபட்டு இழுக்கிறது. கெட்ட செக்டர் வந்ததும் அங்கேயே மல்லுக்கட்டுகிறது. அப்பத்தாவின் குரல் எங்கோ பின்னால் வரிசையில் நிற்கிறது. டிஸ்க்குக்கு மிச்சமிருந்த சில மணி நேரத்தை நான் விண்டோஸைக் காப்பாற்றச் செலவழித்திருக்கிறேன்!

எஸ்எஸ்டி மாற்றுவதைச் சொல்லித்தரும் வீடியோக்களில் நான் பார்த்த வரை பெரும்பாலும் முதல் படியே "குளோன் மென்பொருளை டவுன்லோட் செய்யுங்கள்" என்றுதான் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடும்?

பார்க்க வேண்டியது மூன்று எண்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற வரிகள். வேறு மென்பொருள்களில் இவையே 5, 197, 198 என்று இருக்கும். 05 என்பது கெட்டுப்போய், மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். இது சிறிய எண்ணாக, மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் பதற வேண்டாம். சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6 சரிசெய்யவே முடியாதவை. கடைசி இரண்டில் எது பூஜ்யமாக இல்லாவிட்டாலும் குளோன் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு சின்ன விஷயம்: அந்த மென்பொருள் இந்த எண்களை வழக்கமாக ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது 16. சி7 மட்டும் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் பாவம் நிரபராதி, கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருள் போடவே தயக்கமா? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க்கைத் தொட்டால் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒன்று இருக்கும். பெரிதாக எந்த வேலையும் நடக்காதபோதே அது அடிக்கடி ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்குத் தாவினால் அதுவும் கெட்ட சகுனம்.

அப்படி இருந்தால் என்ன செய்வது? முதலில், இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) பென் டிரைவ் தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். கெட்ட டிஸ்க்கில் விண்டோஸை ஓட விட்டால் அது பின்னணியில் எழுதிக்கொண்டே இருக்கும். அப்புறம், திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு எடுங்கள்: படங்கள், ஆவணங்கள், குரல் பதிவுகள். சினிமாவெல்லாம் கடைசியில். ஒரு கோப்பில் மாட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முழு டிஸ்க்கும் வேண்டும் என்றால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இருக்கிறது. குளோன் மென்பொருளுக்கு நேர் எதிரான புத்தி அதற்கு. கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய், நல்ல பகுதியையெல்லாம் எடுத்து முடித்த பிறகே கெட்டதற்குத் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரவும் முடியும்.

டிக் டிக் சத்தம் ஆரம்பித்துவிட்டதா, பவரை எடுத்துவிடுங்கள். இனி அது டேட்டா ரெகவரி செய்பவர்களின் வேலை. நம் கை அதில் படக்கூடாது.

இங்கே இன்னொரு எரிச்சல். "செக்டிஸ்க் போட்டுப் பாரு, சரியாயிடும்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். செக்டிஸ்க் என்பது விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி. கெட்ட செக்டரைத் தேடச் சொல்லி அதை ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், போகிற போக்கில் கோப்பு அமைப்பைத் திருத்தி எழுதவும் செய்யும். கோப்புகளை எடுத்து முடிக்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எம்.2 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

எம்.2 என்பது மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டியின் வடிவத்துக்குப் பெயர். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். அதே வடிவத்தில், ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறையான சாட்டாவும் வருகிறது, அதைவிட வேகமான புதிய முறையான என்விஎம்இயும் வருகிறது. சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். நான் வாங்கிய என்விஎம்இ அழகாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் மாட்டியாயிற்று, பயாஸ் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட். மதர்போர்டின் கையேட்டில் ஒரே வரியில் இருந்தது. 2014க்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் என்விஎம்இயிலிருந்து பூட் செய்யவும் முடியாது. மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே மாற்றும் பேச்சே கிடையாது.

பழைய கம்ப்யூட்டருக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும்தான். 3500 எம்பி, 7000 எம்பி என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினால் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், பெரிய வீடியோ கோப்புகளோடு மல்லுக்கட்டுபவருக்கு மட்டும்தான் தெரியும்.

கம்ப்யூட்டரின் ஆயுளைக் கணக்கில் எடுக்காதது

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதற்கும் பழைய கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸுக்குப் போகத் தயாரா என்று முதலில் யோசியுங்கள். தயார் என்றால் தாராளமாக எஸ்எஸ்டி போடலாம். சாட்டா எஸ்எஸ்டி வீணாகாது, பின்னால் ஒரு உறைக்குள் போட்டு யுஎஸ்பி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

கணக்காக வாங்குவது

இப்போது 110 ஜிபி இருக்கிறது, 120 ஜிபி போதும் என்பார்கள். எஸ்எஸ்டி விளிம்பு வரை நிரம்பினால் உள்ளே குப்பை ஒதுக்க இடமில்லாமல் எழுதும் வேகம் சரியும். பத்து இருபது சதவீதமாவது காலியாக இருக்கட்டும்.

தேய்ந்துவிடும் என்று பயப்படுவது

500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் நாற்பது வருடம் ஆகும்.

டிஃப்ராக்

வேண்டாம். சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்குவதால் எஸ்எஸ்டிக்கு லாபமில்லை. எந்த இடத்தில் இருந்த கோப்பு அழிக்கப்பட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம்மை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் செருகியே வைப்பது

நல்ல டிஸ்க் என்றால் குளோன் செய்வதில் தப்பில்லை. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் (பூட்டப்பட்டிருந்தால்) அதைத் திறக்கும் பிட்லாக்கர் ரெகவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் முறை பூட் செய்யுங்கள். என் மச்சான் கழற்றவில்லை. "போட்டு ரெண்டு மாசம் ஆச்சு மாப்பிள்ளை, ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் தினமும் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி இரண்டு மாதமும் சும்மா உட்கார்ந்திருந்தது.

எஸ்எஸ்டி வந்துவிட்டதே என்று பேக்கப்பை நிறுத்துவது

ஹார்ட் டிஸ்க் பல சமயம் முனகிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று காணாமல் போகும். ட்ரிம் ஓடிய பிறகு, அழித்த கோப்பை மீட்பதும் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மேட் செய்வது

ஒரு மாதம் டிராயரில் கிடக்கட்டும். எதையாவது எடுக்க மறந்திருப்பீர்கள்.

சித்தி மகனிடம் அன்றிரவு, "உடனே நிறுத்து, பவரை எடு" என்றேன். மறுநாள் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து ஸ்மார்ட் பார்த்தோம். சி5 நூறைத் தாண்டியிருந்தது. படங்கள் இருந்த ஃபோல்டரை முதலில் எடுத்தோம். மூன்று மணி நேரம் ஆயிற்று, இரண்டு வீடியோக்கள் மட்டும் வரவில்லை. எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மறுபடி போன்.

"அண்ணா, அந்தப் பழைய டிஸ்க்கு சும்மாதானே கெடக்குது? ஃபார்மேட் பண்ணி, போட்டோ பேக்கப் வச்சுக்க யூஸ் பண்ணிக்கட்டுமா?"